மணி பார்த்து வைத்த பெயர்

தமிழில் பறவைப் பெயர்களில் பெரும்பாலானவை கண்ணால் வந்தவை அல்லது காதால் வந்தவை. கரிக்குருவியின் நிறமும் வாலாட்டியின் வாலும் மரங்கொத்தியின் வேலையும் கண் கண்டு சொன்னவை. காக்கை, கூகை, குயில் ஆகியவை காதில் விழுந்த ஒலியையே சொல்லாக்கிக் கொண்டவை. நேரத்தைப் பெயராக வாங்கிக்கொண்ட பறவை என்று யோசித்தால் எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது: ஆறுமணிக்குருவி. அந்தப் பெயரை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் பறவையைப் பற்றியும், பெயர் வைத்தவர்கள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்பதைப் பற்றியும் நிறையத் தெரிகிறது.

முதலில் பறவை. மைனாவைவிடச் சிறியது; அலகு நுனியிலிருந்து வால் வரை அதிகம் போனால் 19 சென்டிமீட்டர். முதுகு பச்சை. தோளில் பளிச்சென்ற நீலத் திட்டு. மார்பும் விலாவும் மங்கிய காவி. அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. தொண்டை வெள்ளை, கண்ணை மூடிக்கொண்டு போகும் அகலமான கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெள்ளைப் புருவம், உச்சந்தலையில் காவிக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. பறக்கும்போது மட்டும் இறக்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். கால்கள் நீளம், வாலோ இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்குக் குட்டை. இத்தனை வண்ணத்தையும் சுமந்துகொண்டு அது வாழ்வது புதரடியில், சருகுக்கு நடுவில், வெளிச்சம் குறைந்த தரையில். தத்தித் தத்திப் போய்ச் சருகைப் புரட்டிப் புழு, பூச்சி, கறையான், எறும்பு, மண்புழு எடுத்துத் தின்னும். ஆள் அரவம் கேட்டால் அசையாமல் நின்றுவிடும். அப்போது அதன் வண்ணங்கள் எல்லாம் இலைநிழலோடு கலந்து காணாமல் போகும்.

கொல்லிமலையில் வளப்பூர் நாடு இப்படிப்பட்ட தரை நிறைந்த இடம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் ஊர்த் தொகுதிகளை இன்றைக்கும் நாடு என்றே சொல்கிறார்கள். சேலூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு என்று பதினான்கு நாடுகள் உண்டு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால், ஆயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் பலாவும் வாழையும் காபியும், நிழல் மரங்களின் மேல் ஏறிய மிளகுக் கொடியும். காபித் தோட்டத்தின் அடித்தரையும் கோயில்காடுகளும் கணுக்கால் புதையச் சருகு கொண்டவை. வளப்பூர் நாட்டில்தான் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது; அதையொட்டி ஓடும் ஐயாறு சற்றுத் தள்ளி ஆகாயகங்கை அருவியாகக் கீழே விழுகிறது. பெயர்கள் எப்படித் தேய்கின்றன என்பதற்கு அந்தக் கோயிலே ஒரு நல்ல சான்று. தேவாரத்தில் வைப்புத் தலமாகச் சொல்லப்படும்போது அது அறப்பள்ளி. பள்ளி ளகர ஒற்றை இழந்து பளியாகி, அறப்பளீசுவரர் ஆனது. அம்பலவாணக் கவிராயர் இந்த இறைவன் மேல் சதகம் பாடியபோது பெயர் அப்படியே நிலைத்தும் விட்டது.

ஆறுமணிக்குருவி இங்கே பிறக்கும் பறவை அல்ல. இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலும் கூடு கட்டுகிறது. தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, மே முதல் ஆகஸ்ட் வரை அதன் குடும்பக் காலம். சுள்ளியும் வேரும் காய்ந்த இலையும் சேர்த்துப் பந்து போல ஒரு கூட்டைத் தரையிலோ தாழ்ந்த கிளையிலோ கட்டி, பக்கவாட்டில் வாசல் வைக்கும். நான்கைந்து முட்டை, வழவழப்பான வெள்ளை ஓட்டில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். மழை ஓய்ந்ததும் இரவுகளில் பறந்து தெற்கே வருகிறது. புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் தமிழகத்தை எட்டி, தென்னிந்தியா முழுதும் இலங்கையிலும் பரவி, குளிர்காலத்தைத் தனித்தனியே கழித்துவிட்டு, பங்குனி சித்திரையில் திரும்பிப் போகிறது. அதாவது தமிழர்கள் பார்த்ததெல்லாம் அதன் வாழ்க்கையில் பாதிதான்; கூடும் குஞ்சும் இல்லாத பாதி. அந்தப் பாதியில் அது நமக்குத் தருவது அந்தியிலும் விடியலிலும் இரண்டு சுருதியில் ஒரு சீழ்க்கை. முதல் ஒலி மேலேறும், இரண்டாவது இறங்கும். ஒன்று கூப்பிட்டால் அடுத்த புதரிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். ஒருமுறையோ இருமுறையோ கேட்கும், பிறகு அடங்கிவிடும்.

இப்போது பெயரைப் பிரிக்கலாம். ஆறு, மணி, குருவி.

மூன்றில் வயது குறைந்தது நடுச் சொல். மணி என்றால் பழந்தமிழில் இரத்தினம், நீலமணி, கோத்த மணி, யானைக் கழுத்தில் கட்டிய மணி. நேரத்தின் அளவு என்ற பொருள் பின்னால் ஏறியது. உலோகத்தை அடித்து நேரத்தை ஊருக்கு அறிவித்ததால், அடிக்கிற பொருளின் பெயரே அறிவிக்கப்படும் நேரத்தின் பெயராகிவிட்டது. நம்மில் மட்டும் நடந்ததல்ல இது. தெலுங்கில் கண்ட, கன்னடத்தில் கண்டெ, இந்தியில் கண்டா. எல்லாம் மணிதான், எல்லாம் நேரம்தான். அதற்கு முன் தமிழர் நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தார்கள். ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடம். முல்லைப்பாட்டில் பாசறையில் நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நாழிகை சொல்லும் ஆட்கள் வருகிறார்கள். வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று சிறுபொழுதுகளையும் வகுத்து வைத்திருந்தார்கள். இந்தச் சொற்கள் ஆண்ட காலத்தில் இந்தப் பறவைக்குப் பொழுதால் பெயர் வைத்திருந்தால் அது அந்திக்குருவியாகவோ மாலைக்குருவியாகவோ இருந்திருக்கும். செடிகளில் அந்த இரண்டு அடுக்கும் அருகருகே கிடைக்கின்றன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு பூச்செடிக்கு அந்திமந்தாரை என்று பழைய பொழுதுச் சொல்லால் பெயர் வைத்தோம். அதே செடி மலையாளத்தில் நாலுமணிப்பூ. வெயில் ஏறியபின் மலரும் இன்னொரு பூவைப் பத்துமணிப்பூ என்கிறோம். ஆறுமணிக்குருவி இந்தப் பிந்திய அடுக்கைச் சேர்ந்த பெயர்.

ஆறு என்ற எண்ணில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. நாழிகைக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். உதயம் சுழியம், அத்தமனம் முப்பதாம் நாழிகை. காலைக்கு ஓர் எண், மாலைக்கு வேறு எண். இருபத்துநான்கு மணிக் கணக்கிலும் அப்படித்தான்: ஆறும் பதினெட்டும். பன்னிரண்டு பன்னிரண்டாக நாளை இரண்டு தடவை சுற்றும் கடிகாரத்தில் மட்டுமே விடியலும் அந்தியும் ஒரே எண்ணைப் பெறுகின்றன. பறவை நாளுக்கு இரண்டு வேளை கூப்பிடுகிறது. அந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்க வேண்டுமானால் பன்னிரண்டு மணிக் கடிகாரம் வேண்டும். யாரோ ஒரு தமிழர் அந்தக் கடிகாரத்தை உள்வாங்கி, அதன் முகத்திலிருந்து ஒற்றை எண்ணை எடுத்துப் பறவையின் இரு வேளைக்கும் பொருத்தினார். அந்தப் பொருத்தத்தின் துல்லியம் என்னை மலைக்க வைக்கிறது.

அந்தத் துல்லியம் நமது அட்சரேகையால் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொல்லிமலை சுமார் 11 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே குளிர்கால நாளுக்கும் கோடைகால நாளுக்கும் நீளத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. மிகக் குறுகிய டிசம்பர் நாள்கூட ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். பறவை இங்கே இருக்கும் மாதங்களை எடுத்துக்கொள்வோம். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 6.10 அளவில் எழுந்து 5.50 அளவில் மறைகிறது. ஜனவரி பிற்பகுதியில் 6.40 அளவில் எழுந்து 6.15 அளவில் மறைகிறது. மார்ச் மூன்றாம் வாரத்தில் 6.20, 6.30. வெளிச்சம் உதயத்துக்குச் சற்று முன்பே வந்துவிடும், மறைந்த பின்னும் சற்று நிற்கும். ஆகவே ஐப்பசியிலிருந்து பங்குனி வரை எந்த நாளில் கேட்டாலும் இந்தப் பறவையின் குரல் ஆறு மணியை விட்டு அரைமணிக்கு மேல் விலகிப் போவதில்லை.

இதே பறவை கூடுகட்டும் ஊர்களுக்குப் போவோம். டேராடூனில் ஜூன் மாதம் சூரியன் 5.15 அளவில் எழுகிறது, மறைய 7.20 ஆகிறது. அங்கே அது அந்தியில் கூப்பிட்டால் மணி ஏழரை. போதாததற்குக் கூடுகட்டும் காலத்தில் அது பகலிலும் விடாமல் கூப்பிடும். இணையை அழைக்க வேண்டும், எல்லையைக் காக்க வேண்டும். அங்கே யாருக்கும் ஆறு மணி என்று தோன்ற வழியே இல்லை. தோன்றவும் இல்லை. இந்தியிலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் அதன் பெயர் நவரங்: ஒன்பது நிறம். கோடையில் அது வெளிப்பட்ட கிளையில் அமர்ந்து கழுத்தை நிமிர்த்திக் கூப்பிடும்போது நிறங்கள் கண்ணில் படுகின்றன. நமக்கு வரும்போது அது தனியாளாக, தரையோடு தரையாக, கண்ணுக்குச் சிக்காத ஒரு குளிர்காலக் குடியாக இருக்கிறது. வடக்கில் பார்த்தவர்கள் பெயர் வைத்தார்கள். தெற்கில் கேட்டவர்கள் பெயர் வைத்தார்கள். ஒரு பறவையின் வலசைப் பாதையை அதன் பெயர்களை வைத்தே வரைந்துவிடலாம் போலிருக்கிறது.

நாம் சொல்லும் ஆறு மணியே ஒருமுறை நகர்ந்திருக்கிறது என்பது ஒரு சின்னக் கிளைக்கதை. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியத் தர நேரம் நடைமுறைக்கு வந்தது. அது 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். அதற்கு முன் தென்னாட்டு ரயில்கள் சென்னை வானியல் நோக்ககத்தின் நேரத்தைப் பின்பற்றின. சென்னை நேரம் இப்போதைய நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. கொல்லிமலையின் சொந்தச் சூரிய நேரமோ இன்னும் பின்னால், தர நேரத்துக்குச் சுமார் 16 நிமிடம் பின்னால். பறவை சூரியனைத்தான் பார்க்கிறது. நாம் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்தோம். பெயர் அதையும் தாங்கிக்கொண்டது.

யார் வைத்திருப்பார்கள் என்ற கேள்விக்கு என் ஊகம் ஒன்று உண்டு. ஆறு மணியால் வாழ்வு கட்டப்பட்ட மனிதர்கள். கோயிலில் சாயரட்சைக்கு மணி அடிப்பவர்கள், மலைத்தோட்டங்களில் விடியலில் ஆள் எண்ணுவதற்கு நின்றவர்கள். இலங்கை மலையகத்தில் அந்த ஆள் எண்ணும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். ஈழத்திலும் இந்தப் பறவை குளிர்காலத்தில் தங்குகிறது, தமிழர் இதே பெயரால் அதை அழைக்கிறார்கள். அதே தீவில் சிங்களவர் அதை அவிச்சியா என்கிறார்கள். அது கூப்பிடும் ஒலியைக் கேட்டபடியே சொல்வது. மயில் தன் ஆடையைத் திருடிக்கொண்டு போய்விட்டதென்று அந்தக் குருவி முறையிடுவதாக அவர்களிடம் ஒரு கதையும் வழங்குகிறது. மலையாளத்தில் அது காவி, மார்பின் நிறம். வங்காளத்தில் ஷும்சா. ஒரே பறவை, ஒரே குரல்.

அந்தக் குரல் ஒன்றேதான் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கிளையில் அமரும் பறவைகளின் பெரிய வரிசையில் இரண்டு முக்கியக் கிளைகள் இருக்கின்றன. ஒரு கிளை பாட்டைக் கற்றுக்கொள்கிறது. குண்டுகரிச்சானும் தேன்சிட்டும் புல்புல்லும் அந்தக் கிளை. குஞ்சு பெரியவற்றின் பாட்டைக் கேட்டு, முயன்று, திருத்திப் பாடத் தொடங்கும். அதனால் இடத்துக்கு இடம் பாட்டு மாறலாம், வட்டார வழக்குப் போல. இன்னொரு கிளைக்குப் பாட்டு பிறவியிலேயே வருகிறது. கேட்காமல் வளர்ந்தாலும் அது தன் குலத்தின் ஒலியைத்தான் எழுப்பும். அமெரிக்கக் கண்டத்தில் இந்தக் கிளை பெருத்துக் கிடக்கிறது. பழைய உலகத்தில் சிறுத்துவிட்டது. தமிழ்நாட்டில் அந்தக் கிளைக்கு இருக்கும் ஒரே பிரதிநிதி ஆறுமணிக்குருவிதான். ஆகவே கடுமையாகப் பார்த்தால் இதைப் பாடும் பறவை என்று சொல்வதே வழக்கத்துக்கு மாறானது. டேராடூன் சால் காட்டில் கேட்கும் இரட்டைச் சீழ்க்கையும் வளப்பூர் நாட்டுக் காபித் தோட்டத்தில் கேட்பதும் வேறு வேறல்ல. வழிநெடுக மாறியதெல்லாம் கேட்ட மனிதர்களின் சொல்தான்.

மூன்றாம் துண்டு குருவி. சங்கப் பாடல்களில் குரீஇ என்று நீண்டு ஒலிக்கும் சொல். வீட்டுக் கூரையில் வாழும் பறவையையும் தூக்கணங்கூடு கட்டும் பறவையையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். பின்னர் சிறு பறவை எதற்கும் பொதுப்பெயர் ஆனது. இங்கிருந்துதான் கதை கடல் தாண்டுகிறது.

ஆங்கிலத்திலும் அறிவியலிலும் இந்தப் பறவையின் பெயர் பிட்டா. ஆயுர்வேதப் பித்தத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது தெலுங்குச் சொல், பிட்ட. பொருள், சிறு பறவை. அச்சாக நம் குருவி. பனங்காடையைத் தெலுங்கர் பாலபிட்ட என்பார்கள். தெலங்கானாவின் மாநிலப் பறவை அது. கோண்டி மொழியிலும் பறவைக்குப் பிட்டெ என்ற சொல் வழங்குகிறது. நாமக்கல், சேலம் பக்கத்துச் சமவெளியில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். கொல்லிமலை அடிவாரத்தில் இந்தச் சொல் அன்னியச் சொல்லே அல்ல.

அது அறிவியலுக்குள் நுழைந்த வாசல் சென்னை. புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, சென்னைப் பறவைகளின் படங்களை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே மருந்துக்கடை நடத்திக்கொண்டு உலகத்துச் செடிகொடிகளையும் பூச்சி பறவைகளையும் சேகரித்த ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றுக்குக் குறிப்பு எழுதினார். 1713இல் வெளிவந்த ஜான் ரேயின் பறவை நூலின் பின்னிணைப்பாக அது அச்சேறியது. அதில் நம் பறவை பொன்னங்கி பிட்ட என்ற தெலுங்குப் பெயரோடு இருக்கிறது. சென்னையில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கிய காலம். பக்லிக்குப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தவரோ பெயர் சொன்னவரோ தெலுங்கு பேசியிருக்கிறார். அவர் தமிழ் பேசியிருந்தால் இன்று உலக அறிவியல் நூல்களில் வேறொரு சொல் நின்றிருக்கும்.

பொன்னங்கி என்பது தமிழ்க் காதுக்குப் பொன் அங்கி என்று கேட்கும். பொன்னாடை போர்த்திய குருவி என்று பொருள் சொல்லிவிடக் கை துறுதுறுக்கும். அதைச் செய்யக் கூடாது. அங்கி வடமொழி வழி வந்த சொல். தெலுங்கில் பொன்ன என்பது ஒரு மரத்தின் பெயரும்கூட. ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பிச் சொற்பிறப்பு சொன்னவர்கள் தமிழில் செய்த கேடு போதும்.

பிறகு நடந்தது விசித்திரம். பொன்னங்கி பிட்ட என்ற பெயரில் பறவையை அடையாளம் காட்டுவது பொன்னங்கி என்ற முன்பாதி. பிட்ட என்பது பின்னால் ஒட்டும் பொதுச்சொல், ஆறுமணிக்குருவியில் குருவி எப்படியோ அப்படி. ஐரோப்பியர் முன்பாதியை உதிர்த்துவிட்டுப் பின்பாதியை வைத்துக்கொண்டார்கள். 1816இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ பிட்டா என்று பேரினப் பெயர் சூட்டினார். அதிலிருந்து குடும்பத்துக்கும் பிட்டிடே என்ற பெயர் வந்தது. இன்று நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் அந்தப் பெயரின் கீழ் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் இரண்டு, ஆஸ்திரேலியாவில் சில, சாலமன் தீவில் ஒன்று, நமது சுந்தரவனத்துச் சதுப்பில் ஒன்று, போர்னியோ சுமத்ராக் காடுகளில் கண்ணைப் பறிக்கும் பல. 2006இல் மரபணு ஆய்வின்படி பேரினத்தை மூன்றாகப் பிரித்தபோதும் மற்ற இரண்டில் ஒன்றுக்கு எரித்ரோபிட்டா, சிவப்புப் பிட்டா, என்றே பெயர் அமைந்தது. கோதாவரிக் கரையில் ஒரு குழந்தை சிட்டுக்குருவியைக் காட்டிச் சொல்லும் அதே சொல் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் ஒரு பறவையின் பெயர். திராவிட மொழிச் சொல் ஒன்று இவ்வளவு தூரம் பயணித்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதன் குறிப்புப் பாதி வழியில் தொலைந்ததில் வருத்தம்.

சிற்றினப் பெயர் பிரேக்கியூரா. 1766இல் லின்னேயஸ் உயிரினங்களை வகைப்படுத்தும் தன் நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் இதைச் சேர்த்தபோது காக்கைப் பேரினத்தில் வைத்து, கிரேக்கத்தில் குட்டைவால் என்று பொருள்படும் இந்தப் பெயரைக் கொடுத்தார். பிரெஞ்சிலும் இந்தக் குடும்பத்துக்குப் பெயர் பிரேவ், குட்டை. இத்தனை வண்ணம் கொண்ட பறவைக்கு ஏன் வாலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்? அவர்கள் கையில் இருந்தவை படமும், பஞ்சு அடைத்த தோலும், பிற நூல்களின் வருணனையும். அவற்றில் குரல் கிடையாது, பொழுது கிடையாது. வால் குட்டை என்பது எந்தத் தோலிலும் அளந்து சொல்லக்கூடிய உண்மை. பெயர் நேர்மையானதுதான். ஆனால் உயிருள்ள பறவையோடு ஒரு மாலைகூட இருந்திராதவர்களின் பெயர் அது.

உயிரோடு பார்த்து எழுதியவர்களில் டி. சி. ஜெர்டனை மறக்கக் கூடாது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர். அவருடைய இந்தியப் பறவைகள் நூலின் முதல் தொகுதி 1862இல் வந்தது. கர்நாடகச் சமவெளியில், அதாவது தமிழ்நாட்டுக் கீழைப் பகுதியில், கோடை தொடங்கி மேல்காற்று பலமாக அடிக்க ஆரம்பிக்கும்போது இந்தப் பறவைகள் குடிசைகளிலும் கொட்டகைகளிலும் வந்து ஒண்டுவதாக எழுதுகிறார். முதன்முதலாக அவர் கண்ட ஆறுமணிக்குருவி சென்னைப் பொது மருத்துவமனைக்குள் தஞ்சம் புகுந்திருந்தது. பின்னர் நெல்லூரில் இப்படியே பலவற்றை உயிரோடு பிடித்திருக்கிறார். கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து காற்று அவற்றை அடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. வலுவாகப் பறக்கத் தெரியாத பறவை என்று கருதினார். இன்று அந்தக் குறிப்பைப் படிக்கும்போது, குளிர்காலத்தை மலையிலும் தோட்டத்திலும் கழித்துவிட்டு வடக்கே புறப்பட்ட பறவைகளின் பயணத் தொடக்கத்தை அவர் கண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. இமயத்துக்கும் இலங்கைக்கும் இடையே போய்வருவதைப் பலவீனம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் களைப்பு உண்மை. இப்போதும் வலசைக் காலத்தில் விடியற்காலையில் மொட்டை மாடியிலும் குளியலறையிலும் கண்ணாடிச் சன்னலடியிலும் இந்தப் பறவை சோர்ந்து கிடப்பதைக் கண்டு, இது என்ன பறவை என்று மக்கள் கேட்கிறார்கள். நகரத்தார் பலருக்கு அதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அப்படித்தான்.

சருகுக்குள் மறைந்திருக்கும் புழுவை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஓர் உடற்கூற்று விடை இருக்கிறது. கிளையில் அமரும் பறவைகள் இருபத்தைந்து இனங்களின் மூளையை ஒப்பிட்டபோது, உடலளவுக்கு முகர்வுப் பகுதி மிகப் பெரியதாக இருந்தது இதற்குத்தான். மூக்கால் வேட்டையாடுவதாக உறுதி சொல்ல அது மட்டும் போதாது, ஆனால் மங்கிய ஒளியில் ஈரச் சருகுக்குள் வாழும் உயிருக்கு அது பொருத்தமாக இருக்கிறது. தோட்டத்தைச் சுத்தம் என்ற பெயரில் கூட்டிப் பெருக்கி, சருகைக் குவித்து எரிக்கும் இடங்களில் இந்தப் பறவைக்கு வேலையில்லை. கொல்லிமலைக் கோயில்காடுகளில் சருகை யாரும் தொடுவதில்லை. அதுவே அதற்குச் சோறு.

தமிழில் இதற்கு இன்னொரு பெயர் தோட்டக்கள்ளன். பறவை நூல்களிலும் பட்டியல்களிலும் இப்போது இந்தப் பெயர் முன்னுக்கு வந்துகொண்டிருக்கிறது. மோசமான பெயர் என்று சொல்ல மாட்டேன். புதரடியில் ஓசையில்லாமல் நகர்ந்து, பார்க்கும்போது நின்று, பார்வை நகர்ந்தால் மறையும் நடையைக் கள்ளன் என்ற சொல் நன்றாகவே பிடிக்கிறது. மனிதன் வளர்த்த எதையும் அது திருடுவதில்லை என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். வட்டாரப் பெயர்களை ஊர் ஊராகத் தேடித் திரட்டித் தமிழில் பறவைப் பெயர்கள் என்ற நூலாக்கிய பேராசிரியர் க. ரத்னத்தின் உழைப்பை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். அப்படித் திரட்டியவர்கள் இல்லாவிட்டால் ஒவ்வொரு பறவைக்கும் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்து ஒட்டுவதுதான் மிச்சம். இந்தியப் பிட்டா என்று பாடநூலில் அச்சிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிட்டா என்பது நம் பக்கத்து வீட்டார் குருவிக்குச் சொல்லும் சொல், அவ்வளவே. நமக்கு நம் குருவி இருக்கிறது, அதற்கு முன்னால் நிற்க ஆறு மணியும் இருக்கிறது.

பட்டியல் போடுபவர்கள் குடும்பப் பெயராகத் தோட்டக்கள்ளனை வைத்துக்கொள்ளலாம். சதுப்பு நிலத்தில் வாழும் இனத்துக்கும் வடகிழக்கில் வாழும் இனங்களுக்கும் அது உதவும். சுந்தரவனத்துப் பறவையை ஆறுமணிக்குருவி என்றழைப்பதில் பொருளில்லை, அங்கே அந்தப் பெயர் வாழ்ந்ததில்லை. ஆனால் ஐப்பசியில் நம்மிடம் வந்து சித்திரையில் திரும்பும் இந்த ஒரு பறவைக்கு ஆறுமணிக்குருவியே தலைப்பெயராக இருக்க வேண்டும். வளப்பூர் நாட்டில் காபித் தோட்டத்துக்குள் நின்று அதைக் கேட்க விரும்புகிறவர்கள் அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு போகலாம். வந்து சேர்ந்த புதிதில்தான் அது அதிகமாகக் கூப்பிடும். கோயில் பக்கமிருந்து வரும் வழியில், சருகு மிகுந்த ஓடைக்கரைப் புதர்களை ஒட்டி, வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது பேசாமல் பத்து நிமிடம் நின்றால் போதும். கைபேசியில் பதிவை ஒலிக்கவிட்டு அதைக் கூப்பிட வேண்டாம். தன் குலத்தின் ஒலி என்பதால் அது ஏமாந்து, இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும்.